ஜேர்மனிப் பிளக்கும் ஈர்க்கும்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

அண்ணை ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த வோஷிங் மெஷினை ஈரக்கையோடு தொட்டதில் இன்று இவருக்குக் கரண்ட் அடித்துவிட்டது. தெல்லிப்பழை ஆசுபத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. இரவில் என்னை நிற்க விடவில்லை.

போன கிழமை ஜேர்மனிக்குத் திரும்பப் புறப்படும்போதே அண்ணை சொன்னார். "ஜேர்மனிப் பிளக்குக்கு எர்த் பக்கவாட்டிலை. உங்கடை சொக்கெற்றிலை அது பிடிக்காது. பிளக்கை மாத்திப்போட்டுப் பாவியுங்கோ." இவர் ஓம் ஓம் என்றார். பிறகு சொக்கெற்றின் கீழ் ஓட்டைகள் திறக்க மேல் ஓட்டைக்குள் ஈர்க்கைக் குத்திப் பிளக்கை அப்படியே செருகிவிட்டார். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். "மெஷின் நல்லா வேலை செய்யுதோ?"

"ஓம் அண்ணை."

"மச்சான் எங்கை?"

"கடைக்குப் போட்டார்."

மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அந்த ஈர்க்கைப் பிடுங்க இன்னும் கை போகவில்லை.