பச்சைக் கட்டத்தில் நோரா

மாரி தொடங்கி நாலு நாட்களாக வெயிலே இல்லை. உடுப்புகளில் பூஞ்சணம் பிடித்திருக்குமோ என்று இன்று காலை அலுமாரியைத் திறந்தேன். துணி மணத்துக்கு முன்னால் நாய் மணம் வந்தது. மேல்தட்டில் பொலித்தீன் பைக்குள் நோராவின் வேலைப்பட்டி கிடந்தது. எடுத்துத் துடைத்துக் கதிரையில் காயப் போட்டேன். பிறகு வேறு ஒன்றும் செய்ய மனம் வரவில்லை. சென்ற வருடம் டெங்குக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது, அக்கா.

திரியாயில் மிதிவெடி அகற்றும் முகாமுக்கு நான் வேலைக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? நோராவைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். “பயப்பிடாதை பிள்ளை. உன்னட்டை வெடிமருந்து இல்லையெண்டா அவள் உன்னைத் திரும்பியும் பாக்கமாட்டாள்” என்றீர்கள். உண்மைதான். இரண்டு மாதம் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் அவளைக் காணிக்குள் நடத்தினீர்கள். நான் கொட்டிலுக்குள் வரைபடம் வைத்திருந்தேன். காணியைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு நாய்கள், ஒன்றன்பின் ஒன்றாக, மணந்து பார்க்க வேண்டும். வெடிமருந்து மணம் பட்டால் நாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இரண்டும் ஒன்றும் காணவில்லை என்றால்தான் அந்தக் கட்டத்துக்கு நான் பச்சை பூசலாம். என் வேலை அவ்வளவுதான்.

அந்த வருடம் உங்களுக்கு ஒரு கிழமை காய்ச்சல். கடைசி வரிசையை மற்ற நாய் மட்டும் பார்த்திருந்தது. நோரா இன்னும் பார்க்கவில்லை. நாளைக்கோ மறுநாளோ நீங்கள் வந்து முடித்துவிடுவீர்கள், ஒவ்வொன்றாய்ப் பூசுவானேன் என்று எண்ணி வரிசை முழுவதையும் பூசிவிட்டேன். நல்ல பச்சை, கோடு தாண்டாத பச்சை. நீங்கள் காய்ச்சல் விட்டு வந்து படத்தைப் பார்த்தீர்கள். “அப்ப இது முடிஞ்சுது” என்று அடுத்த காணிக்குப் போனீர்கள். வேறு யாரோ நோராவை நடத்தியிருப்பார்கள் என்று நினைத்தீர்களாம். நான் தலையாட்டினேனா, இல்லையா? எத்தனையோ தரம் யோசித்தும் அது மட்டும் தெளிவாக வருவதில்லை.

காணி கொடுக்கும் நாள் வந்தது. சொந்தக்காரர் இறங்குவதற்கு முன், அவர்கள் பார்த்திருக்க, நாயும் நடத்துபவரும் காணியை ஒரு முறை நடந்து காட்டுவது எங்கள் முகாமின் வழக்கம். காணிக்காரி மகளைக் கையில் பிடித்தபடி கயிற்றடியில் நின்றாள். நீங்கள் நடந்து வந்ததும் அவர்கள் இருவரும் இறங்க வேண்டும். நோராவுக்கு அன்று வேலைப்பட்டி கூடக் கட்டவில்லை. பட்டி கட்டினால்தான் அவளுக்கு வேலை. அன்று அவள் சும்மா நடக்க வந்தவள்.

ஒலிபெருக்கி கீச்சிட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. கோயில் திருவிழாக் காலத்தில் குசினி மேசைக்கடியில் போய்ப் படுப்பவள். உடம்பு நடுங்கியது. கடைசி வரிசையில் நாலு அடி வைத்தவள், நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தாள்.

“வெயில் சுடுதாக்கும்” என்றார் ஒருவர். “அவவுக்கும் ஒரு கதிரை போடுங்கோவன்!” என்று பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் பல்லைக் கடித்தபடி, “ஆக்கள் பாக்கினம். எழுப்பிக்கொண்டு வாங்கோ” என்றார்.

“ஏலாது ஐயா. இவள் எழும்பினாத்தான் நானும் வருவன்.”

“படத்தில பச்சையெல்லே!”

“படத்துக்கு மூக்கில்லை ஐயா. பிள்ளையைப் பின்னால கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ.”

நான் படத்தைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றேன். சனத்தை அனுப்பி, ஒலிபெருக்கியை நிறுத்தி, மண்ணைக் குத்திப் பார்க்கும் குத்தூசிக்காரர் வந்து சேரும்வரை நோரா அசையவில்லை. ஒரு சாணுக்குக் கீழே, பாலை மரத்தின் வேரோடு ஒட்டி, பிளாஸ்டிக் மிதிவெடி ஒன்று இருந்தது.

அன்று பின்னேரம் நீங்கள் குழாயடியில் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். நோரா பார்க்குமுன்பே பச்சை பூசியதை வந்து சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயைப் பூட்டிவிட்டு, “உன்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். நானும் கேக்கேல்லை” என்றீர்கள். பிறகு, “போய் அறிக்கையை எழுது. ஆர் பூசினதெண்டும் எழுது, ஆர் கண்டதெண்டும் எழுது.”

எழுதினேன். ‘கண்டுபிடித்தவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருந்தேன். நீங்கள் வெட்டிவிட்டு ‘நோரா’ என்று எழுதச் சொன்னீர்கள். “நாய்க்கு அடையாள அட்டை இலக்கம் இருக்கோ?” என்றார் மேற்பார்வையாளர். “எனக்கு இருக்கு ஐயா, ஆனா நான் கண்டுபிடிக்கேல்லை” என்றீர்கள். அவர் கையெழுத்து வைத்தார்.

என்னை நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள்தான், நான் பூசிய பச்சை எல்லாவற்றையும் நோராவோடு திரும்ப நடக்கிறேன், அதுவரை பொறுங்கள் என்று கேட்டீர்களாம். மூன்று கிழமை நடந்தீர்கள். வேறு ஒன்றும் அகப்படவில்லை. அந்த நாட்களில் உங்களிடம் எனக்குக் கிடைத்த ஏச்செல்லாம், தேத்தண்ணி நேரத்தில், “எங்கட ஓவியர் வாறா, இடம் விடுங்கோ” என்பது மட்டும்.

வேலை ஓய்ந்து சாம்பல்தீவில் உங்கள் வீட்டிலிருந்த நோரா, நீங்கள் போனபின் என்னிடம் வந்தாள். ஆடியில் அவளும் போய்விட்டாள். கேள்விப்பட்ட காணிக்காரி தொலைபேசியில் அழைத்தாள். “வேற எங்கயும் புதைக்காதேங்கோ. எங்கட காணிக்குக் கொண்டு வாங்கோ” என்றாள். குச்சவெளி வீதியால் முச்சக்கர வண்டியில் கொண்டுபோனேன். இப்போது அங்கே கச்சான் கடலை போட்டிருக்கிறார்கள். அவள் உட்கார்ந்த அந்த வரிசையின் கரையிலேயே குழி வெட்டியிருந்தார்கள். கல்லில் பெயரை மட்டும் எழுதினோம்.

மண் போட்டு முடிந்ததும் தாய் கைகழுவத் தண்ணீர் கேட்டாள். மகள் வாளியை எடுக்க வெறுங்காலோடு கச்சானுக்குள்ளால் குறுக்கே ஓடினாள். எல்லாக் கட்டத்தையும் நீங்களும் நோராவும் நடந்தது எனக்குத் தெரியும். அந்த மூன்று கிழமை நடந்ததைப் பதிந்த தாளையும் நானே எழுதினேன். ஆனாலும் அவள் மறுகரைக்குப் போய்ச் சேரும்வரை, அக்கா, நான் மூச்சு விடவில்லை.