போட்டோவைக் கொடுத்தது யார்

பர்ன்லி, 1950 ஜனவரி 16

அன்பு மகள் மேவிஸுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், என் வயிற்றெரிச்சல் ஒன்றுதான் அடங்கவில்லை. நீ பந்தயம் ஓடப் போயிருக்கிற நியூஸிலாந்தில் இப்போது வெயில் காலமாமே, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? குசலம் இத்தோடு போதும், இனி உன்னைத் திட்டப் போகிறேன்.

மளிகைக்கடை பிளெட்சர் உன் போட்டோவைக் கடைக் கண்ணாடிக்குள் மால்ட் பானப் புட்டிகளுக்கு நடுவே வைத்தானே, அதைக் கொடுத்தது நான். நீ கப்பலேறிய மறுநாள் வந்து கேட்டான், பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை, கொடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு முழுப் பன்றித்தொடை கொண்டுவந்தான். ரேஷனில் விரலளவு துண்டுக்கு வரிசையில் நிற்கிறவள் வேண்டாமென்றா சொல்வேன்? உன் அப்பா எலும்பைக்கூட விடவில்லை, சூப் வைத்துக் குடித்தார். விளம்பரத்துக்காக ஓட்டக்காரிக்குத் தெரிந்து வீட்டில் யார் கைநீட்டி வாங்கினாலும் அவள் காசுக்கு ஓடுகிறவள் ஆகிவிடுவாள், பிறகு ஆயுசுக்கும் தடத்தில் இறங்க முடியாது என்று நான் என்னத்தைக் கண்டேன்? ஜெயித்தால் ஓட்டக் கழகமே கடிகாரமும் கரண்டிப்பெட்டியும் கொடுக்கிறதே, அது குற்றமில்லை, பன்றித்தொடை மட்டும் குற்றமாம்! என்ன நியாயமோ போ.

வியாழக்கிழமை கழகச் செயலாளர் ஹேண்ட்லியிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கழகம் விசாரிச்சதுக்கு, போட்டோவைத் தானே கொடுத்ததா உங்க பொண்ணு கப்பல்லேருந்து எழுதிட்டாளேம்மா" என்றார். யாரடி உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? அம்மா பேர் சந்தி சிரிக்கக்கூடாது என்றா? சிரிக்கட்டுமே! சேப்பல் ஜெபத்தில் ஏற்கெனவே என் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்புதான், அதனால் என் சாப்பாடு குறைந்துவிட்டதா? நாளெல்லாம் நெசவாலையில் நின்றுவிட்டு மழையிலும் கரிச்சாம்பல் கொட்டிய ஓட்டத்தடத்தில் எட்டு வருஷம் ஓடினவள் நீ. உனக்குக் கைவந்த அரை மைலைப் பெரிய போட்டிகளில் பெண்களுக்கு ஆகாது என்று சேர்க்கவே மாட்டேன் என்றார்கள். அழுதுவிட்டு இருநூற்றிருபது கெஜம் பழகினாய். அதையும் எனக்காகத் தாரை வார்க்கப் பார்க்கிறாயே, பாவி மகளே.

நானும் பிளெட்சரும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்; உனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் உன் மேல் தடை வராது என்கிறார் ஹேண்ட்லி. இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை கழகம் கூடுகிறது, விமானத் தபாலில் போடும் இந்தக் கடிதம் அதற்குள் உன் கைக்கு வந்துவிடும். அதற்குமுன் உனக்குத் தந்தி வரும், போட்டோவைக் கொடுத்தது யார் என்று ஒரே கேள்வி கேட்பார்கள். அம்மா என்று ஒரே வார்த்தையில் பதில் அடி.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். பயிற்சி முடிந்ததும் ஈர உடுப்பை மாற்று, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. நீ பிறந்த நாளிலிருந்து உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை மேவிஸ், இப்போது கேட்கிறேன், என்னைக் காட்டிக்கொடு.

உன் அம்மா,
எல்சி ஹார்க்ரீவ்ஸ்