வாசலில் பரங்கிக்காய் வைக்காத வீடு

மார்ச் 24, திங்கள்

நேற்றோடு இந்த வருஷக் கூடைப்பந்து ஆட்டம் முடிந்தது. நான்கு புள்ளியில் தோற்றோம். என் பேரன் கெண்ட்ரெல் ஐந்தாவது தப்பு வாங்கி வெளியே உட்கார்ந்த பிறகுதான் தோற்றோம். அதுவரை முன்னால் இருந்தோம். இதை ரேடியோவில் ஒருத்தனும் சொல்லவில்லை.

காலையில் போன் செய்தான். குரலில் சந்தோஷம். தோற்ற பிள்ளைக்கு என்ன சந்தோஷம் என்று கேட்டேன்.

"அம்மாச்சி, கோச் கூப்பிட்டுப் பேசினாரு. நான் பெரிய லீக்குக்குத் தயாராயிட்டேனாம். அங்க ஆள் எடுக்குற தேர்வுக்குப் பேர் குடுன்னு அவரே சொல்றாரு."

"உனக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கே."

"சும்மா போய்ப் பாக்குறதுதான். சரிப்படலைன்னா மே கடைசிக்குள்ள பேரைத் திரும்ப வாங்கிட்டுக் கல்லூரிக்கே வந்துடலாம். எல்லாரும் அப்படித்தான் செய்யிறாங்க."

செய்யட்டும். ஆனால் போன நவம்பரில் இதே கோச் ஸ்ட்ரௌட், உனக்குத் தூரத்திலிருந்து எறிய வரவில்லை, இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும் என்று இவனை அழ வைத்தார். ஒரே குளிர்காலத்தில் எப்படித் தயாரானான்? மாவா இது, ராத்திரி வைத்தால் காலையில் பொங்குவதற்கு?

மார்ச் 27, வியாழன்

சாயங்காலம் ரேடியோ. வியாழன்தோறும் பட் லாஸ்லி நடத்துகிற நிகழ்ச்சி. ஊர்க்காரர்கள் போன் போட்டு அடுத்த வருஷ அணியில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று பேசுகிறார்கள். சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பது போல ஒவ்வொரு பிள்ளையையும் ஒடித்துப் பார்க்கிறார்கள்.

ஒருத்தன் சொல்கிறான், "கெண்ட்ரெல் நல்ல பையன்தான் பட், ஆனா அவன் போனா நமக்கு ஓஹாயோவிலிருந்து அந்த ஏழடிக்காரன் வருவான். அது லாபம்தானே."

லாபம். மூன்று வருஷம் ரத்தம் வழிய உங்களுக்காக ஆடினவன். கணுக்கால் வீங்கி பூட்ஸ் போட முடியாத அன்றும் ஆடினவன்.

ரேடியோவை அணைத்தேன். பிறகு மீதியையும் கேட்க வேண்டும் என்று போட்டேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

தேவாலயத்தில் ஒடெஸ்ஸா. பிரார்த்தனைக்கு வரும்போதும் ஆரஞ்சுக் கைக்குட்டை வைத்திருக்கிற ஒரே பெண்பிள்ளை அவள்தான். எங்கள் தெருவே கெண்ட்ரெல் ஆடுகிற பச்சைக் கல்லூரியின் பக்கம். அவள் ஒருத்தி மட்டும் எதிரணி, ஆரஞ்சுக் கல்லூரி.

"உன் பேரனை அனுப்பிட்டாங்களாமே, லவினியா?"

"அனுப்பல. பெரிய லீக்ல கூப்பிடுறாங்க."

"எந்தக் கதவு வழியா இருந்தா என்ன, வெளியதானே போறான்."

அதற்குள் பாடகர் குழு எழுந்துவிட்டது. ஆனால் நாள் முழுக்க அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் வாயிலிருந்து வந்ததற்காக ஒரு பேச்சு பொய்யாகிவிடுமா?

ஆரஞ்சு நிறத்தை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. அக்டோபரில் தெருவெல்லாம் அலங்காரத்துக்கு வாசலில் ஆரஞ்சுப் பரங்கிக்காய் அடுக்குவார்கள். என் வாசலில் கிடையாது. சின்ன வயதில் கெண்ட்ரெல் கேட்டு அழுதபோதுகூட வாங்கவில்லை. என் அண்ணன் ஹோசியா இந்த மாவட்டத்திலேயே பெரிய ஆட்டக்காரன். 1961-ல் ஆரஞ்சுக் கல்லூரி வாசலில் போய் நின்றான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், எங்கள் அம்மா வெளுத்துக் கொடுத்த சட்டை. "அணியில இடம் நெறஞ்சு போச்சு, தம்பி" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் அணியில் அந்த வருஷம் எல்லாம் வெள்ளைப் பையன்கள், எங்களைப் போலக் கறுப்புப் பிள்ளை ஒருத்தன்கூடக் கிடையாது. அதிலும் இரண்டு பேருக்குப் பந்தைத் தட்டவே தெரியாது. நான் வருஷக்கணக்கைச் சும்மா எழுதவில்லை. மறக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

ஏப்ரல் 5, சனி

ஓஹாயோ ஏழடிக்காரன் கல்லூரியை வந்து பார்த்துவிட்டுப் போனானாம். படம் போட்டிருக்கிறார்கள். பச்சைச் சட்டை மாட்டிச் சிரிக்கிறான். சட்டையில் 32. அது என் பேரனுடைய எண்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கோச் ஸ்ட்ரௌட் ஆபீசுக்குப் போன் செய்தேன். கோச் கூட்டத்தில் இருக்கிறார் என்றாள் போனை எடுத்த பெண். "இருக்கட்டும் கண்ணு, நான் காத்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். அவர்கள் போடுகிற பாட்டு திரும்பத் திரும்ப வந்தது. அவரைக்காய் முழுக்க உரித்து முடித்தேன்.

கடைசியில் வந்தார்.

"மிஸ் லவினியா, உங்க குரல் கேட்டாலே எனக்கு நீங்க சுட்டுக் குடுத்த அந்த பீச் பழக் கோப்ளர் ஞாபகம் வருது."

"ஞாபகம் இருக்கா? சந்தோஷம். இவனை அணிக்குக் கேட்டு வந்த அன்னிக்கு என் மேஜையில உக்காந்து வேற ஒண்ணும் சொன்னீங்க. நாலு வருஷமும் இவனுக்கு இடம் உண்டு, கடைசி வருஷப் பிள்ளைகளை வழியனுப்புற ஆட்டத்துல நான் இவன் கையப் புடிச்சுக்கிட்டு நடு மைதானத்துக்கு வருவேன்னு."

"அவன் முன்னேற்றத்துக்கு நாம குறுக்க நிக்கக் கூடாதும்மா. அவனுக்குப் பெரிய வாழ்க்கை காத்துக்கிட்டு இருக்கு."

"அது சரிப்படலைன்னா திரும்பி வர இடம் இருக்கா, இல்லையா?"



"இப்போதைக்கு அணியில இடம் நெறஞ்ச மாதிரிதான் இருக்கு."

நான் போனை வைத்துவிட்டேன்.  அறுபத்து நாலு வருஷம் கழித்து, அதே வார்த்தை, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. புகழ்ந்து புகழ்ந்தே பிள்ளையை வெளியே தள்ளுகிறான். தள்ளுகிறோம் என்று சொல்லிவிட்டால் ஊர் திட்டும். தயாராகிவிட்டான் என்று சொன்னால் ஊர் கைதட்டும்.

என் மேஜையில் இரண்டு தட்டுக் கோழி தின்றான் அன்றைக்கு, இந்த ஸ்ட்ரௌட். சோளரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றான்.

ஏப்ரல் 12, சனி

கெண்ட்ரெல் வந்திருக்கிறான். எல்லாம் சொன்னேன். வேறு கல்லூரிக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் பெயர் கொடுக்கிற பட்டியல் ஒன்று இருக்கிறதாம். இருபத்திரண்டாம் தேதியோடு மூடுகிறார்கள். அதிலும் பெயர் போட்டு வை, ஒரு கதவாவது திறந்திருக்கட்டும் என்றேன்.

"மாட்டேன் அம்மாச்சி. கோச் அப்படிப்பட்டவர் இல்ல. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட."

"இடம் இல்லைன்னு வாய்விட்டுச் சொன்னான்டா."

"நெறஞ்ச மாதிரின்னுதானே சொன்னாரு. நான் திரும்பிப் போனா எடுத்துக்குவாரு. வேற சட்டை நான் போட மாட்டேன். வாசல்ல பரங்கிக்காய்கூட வைக்காத வீட்டுல வளந்தவன் நான். நீதானே வளத்த."

நான்தான் வளர்த்தேன். இவன் அம்மா யோலாண்டா நாடு முழுக்க லாரி ஓட்டுகிறாள். பிள்ளை என் கையில். சாப்பிடச் சொன்னேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ரேடியோவுக்குப் போன் போட்டேன்.

போடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒருத்தன் "அந்தப் பையனுக்கு நன்றியே இல்ல, காசு பாத்ததும் ஓடுறான்" என்றான். அதற்கு மேல் எப்படி உட்கார்ந்திருப்பது?

பேர் கேட்டார்கள். "ரூபி" என்றேன். ஊர் கேட்டார்கள். "பக்கத்து ஊர்" என்றேன்.

பட் லாஸ்லி, "சொல்லுங்க மிஸ் ரூபி" என்றான்.

சொன்னேன். அவன் ஓடவில்லை, தள்ளுகிறார்கள் என்று சொன்னேன். கோச் அந்தப் பிள்ளை வீட்டுச் சமையலறையில் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்து என்ன வாக்குக் கொடுத்தார் என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். வறுத்த கோழியை எலும்பைக்கூட விடாமல் தின்றார் என்று சொன்னேன். இப்போது அவன் எண்ணை அடுத்தவனுக்கு மாட்டிப் படம் எடுக்கிறார், பேரைத் திரும்ப வாங்குவதற்கு மே கடைசி வரை நாள் இருக்கும்போதே என்று சொன்னேன்.

பட் கேட்டான், "மிஸ் ரூபி, இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கோழியை வறுத்தவ நான்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

யோலாண்டா நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிட்டாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறாள். "ரூபியா, அம்மா? ரூபியா?"

கெண்ட்ரெல் சிரிக்கவில்லை. "நான் திரும்பிப் போக இருந்த ஒரே வழியையும் நீ அடச்சிட்ட" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

அடைத்துவிட்டேனா? திறந்திருந்தால்தானே அடைக்க. ஆனாலும் மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு, ஈஸ்டர்

வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு போனேன். எல்லாரும் என் தொப்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். போதகர் கை குலுக்கும்போது, "உயிர்த்தெழுந்த நாள் வாழ்த்துகள், சிஸ்டர் ரூபி" என்றார். போதகர் என்பதால் விட்டேன்.

கெண்ட்ரெல் வரவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

கோச்சிடம் பத்திரிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ரேடியோவில் அவன் குரலையே போட்டார்கள். தேன் தடவின குரல்.

"மிஸ் லவினியா மேல எனக்கு ரொம்ப மரியாதை. அருமையான அம்மா. ஆனா வயசாயிடுச்சு பாருங்க, சில விஷயம் குழம்பிப் போகுது. நான் அப்படி எதுவும் சொன்ன ஞாபகம் இல்ல. நாமெல்லாம் அவங்களுக்காகப் பிரார்த்தனை பண்ணுவோம்."

குழம்பிப் போகுதா? எனக்கா? 1961-ல் ஹோசியா போட்டிருந்த சட்டையின் பொத்தான் எப்படி இருந்தது என்று சொல்வேன் நான். நீ என் வீட்டுக்கு வந்த அன்று உன் இடது காலுறையில் ஓட்டை. அதையும் ரேடியோவில் சொல்லியிருப்பேன், விருந்தாளி என்று விட்டேன். அதுதான் தப்பு.

எனக்காகப் பிரார்த்தனை பண்ணுவானாம்.

ஏப்ரல் 23, புதன்

காலையில் சமையலறைக்குள் வந்து நின்றான் கெண்ட்ரெல். அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான், பதினாலு வயதிலிருந்து அப்படித்தான்.

"நேத்து பேர் போட்டுட்டேன் அம்மாச்சி. மாறிப் போற பட்டியல்ல."

"போட மாட்டேன்னியே?"

"என்னை வெளிய தள்ளுனா தள்ளிட்டுப் போகட்டும். அது ஆட்டம். உனக்குப் புத்தி கொழம்பிடுச்சுன்னு மைக்ல சொல்றதுக்கு அவர் யாரு? அன்னிக்கு அந்த மேஜையில நானும்தானே இருந்தேன். நானும்தானே கேட்டேன்."

"அப்போ அவன் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கு."

"எல்லாம் ஞாபகம் இருக்கு. கேட்டதை நம்பணும்னு இருந்தேன்."

முட்டை பொரித்துக் கொடுத்தேன். ஆறு முட்டை. நல்லாச் சாப்பிட்டான்.

மே 3, சனி

பட்டியலில் பேர் வந்ததும் பல இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். இன்று வீட்டுக்கே வந்தது யார் என்று எழுதவே கை கூசுகிறது. ஆரஞ்சு.

கோச் கெய்ன்ஸ் என்று பெயர். கறுப்புப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும். சமைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். சமைக்கவில்லை. குளிர்ந்த தேநீர் கொடுத்தேன், சர்க்கரை போடாமல்.

ஒரு வாய் குடித்தார். முகம் மாறவில்லை.

"நான் வாக்குக் குடுக்க வரலம்மா. முதல் அஞ்சு பேர்ல இவன் இருப்பானான்னு எனக்குத் தெரியாது. இவனைவிட நல்லா ஆடுற பையன் ஒருத்தன் எங்கிட்ட இருக்கான். இடம் இருக்கு. படிப்பை முடிக்கலாம். அவ்வளவுதான் இன்னிக்குச் சொல்ல முடியும்."

கெண்ட்ரெல் முகம் சுருங்கியது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மேஜையில் உட்கார்ந்து இவனைக் குறைத்துப் பேசின முதல் ஆள்.

ஹோசியா கதையைச் சொன்னேன். எதையும் விடவில்லை. முழுக்கக் கேட்டார். யாரோ செய்தது, காலம் அப்படி, என்றெல்லாம் சொல்லவில்லை.

"அவர் எந்த இடத்துல ஆடுவாரு?" என்று மட்டும் கேட்டார்.

அறுபத்து நாலு வருஷத்தில் ஒருத்தர்கூட என்னை அதைக் கேட்டதில்லை. கூடைக்குக் கீழே, இடது கை என்றேன். "இவனும் இடது கைதானே" என்றார்.

போகும்போது வாசலில் நான் கட்டியிருக்கிற பச்சைக் கல்லூரிக் கொடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சர்க்கரை கொஞ்சம் போட்டிருக்கலாமோ?

மே 19, திங்கள்

பெரிய லீக்கில் இரண்டு ஊர் அணிக்காரர்கள் இவனை ஆட வைத்துப் பார்த்தார்கள், சிகாகோவிலும் மெம்ஃபிஸிலும். இரண்டு இடத்திலும் ஒரே பேச்சு. தூரத்து எறிதல் போதாது, இந்த வருஷம் எடுக்க மாட்டார்கள், இன்னொரு வருஷம் ஆடிவிட்டு வா.

நவம்பரில் ஸ்ட்ரௌட் சொன்னதும் இதேதான். ஆக அவனுக்குத் தெரியும். தெரிந்தே பிள்ளையை மாடியிலிருந்து பறக்கச் சொல்லியிருக்கிறான்.

இதை மன்னிக்க வேண்டும் என்று போதகர் சொல்வார். போதகர் சொல்லட்டும்.

மே 28, புதன்

பெரிய லீக் தேர்விலிருந்து பேரைத் திரும்ப வாங்கிவிட்டான். கடைசி நாள்.

"அம்மாச்சி, கெய்ன்ஸுக்கு என்ன சொல்லட்டும்? நீ வேணாம்னா வேணாம். வேற ரெண்டு இடம் இருக்கு. தூரம்தான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹோசியா எனக்கு மூத்தவன். உயிரோடு இருந்தால் அவனிடம் கேட்டிருப்பேன். கேட்டால் என்ன சொல்வான் என்று தெரியும். "இடம் இருக்குன்னு சொன்னா உள்ள போகச் சொல்லு, லவினி" என்பான். அவனுக்கு என்னை மாதிரி கோபம் நிற்காது.

"படிப்பை முடி. என்னை அந்தக் கலர் போடச் சொல்லாத" என்றேன்.

ஜூன் 14, சனி

கொடியை இறக்கி மடித்துப் பெட்டியில் வைத்தேன். யோலாண்டா எரிக்கச் சொன்னாள். எதற்கு? துணி என்ன செய்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆட்ட அட்டவணை வந்துவிட்டது. ஜனவரி பதினேழு, ஆரஞ்சு, பச்சைக் கல்லூரி மைதானத்தில். முழங்கால் எப்படி இருந்தாலும் போவேன். ஸ்ட்ரௌட் உட்காருகிற வரிசைக்குப் பின்னால் இடம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். என்னைக் குழப்பமில்லாமல் பார்க்கட்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கெண்ட்ரெல் இன்னும் முதல் ஐந்து பேரில் இல்லை. பயிற்சி முடிந்தும் கெய்ன்ஸ் அவனைத் தனியாக நிறுத்தித் தூரத்திலிருந்து எறிய வைக்கிறாராம். "தோள் கழண்டுடும் போல அம்மாச்சி" என்கிறான். குரலில் குறையில்லை.

மார்ச்சில் வழியனுப்புகிற ஆட்டம். யார் கையைப் பிடித்து வருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். என் பேரைக் கொடுத்தானாம். அந்தக் கலர் வேண்டாம், வெள்ளைத் தொப்பி போதும் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

சந்தைக்குப் போனேன். வரும் வழியில் ஒரு பரங்கிக்காய் வாங்கினேன். பெரியதில்லை. வாசல் படியில், ஓரமாக வைத்தேன்.

ஒடெஸ்ஸா காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"சூப்புக்கு" என்றேன்.