உப்பில்லாத முப்பத்தேழு நாள்

கம்பைநல்லூர்
14-6-1987

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் இசபெல்லாவுக்கு அப்பா அருள்சாமி எழுதுவது.

எட்டு வருஷமாக ஜெர்மனிக்கு உனக்கு எழுதும் கடிதத்தை எல்லாம் “இங்கு நாங்கள் அனைவரும் நலம்” என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். மனசு யோசிக்கும் முன்னே கை அதை எழுதிவிடும். இந்தத் தடவை எழுதவில்லை, ஏன் என்று படித்து முடிப்பதற்குள் உனக்கே தெரியும். நானும் உன் தம்பி வியாகுலமும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அது மட்டும் நிஜம். நீ சுகமா கண்ணு? இந்தத் தடவை வாய்வார்த்தைக்குக் கேட்கவில்லை.

தம்பி ஓசூர் கம்பெனியில் லீவு சொல்லி இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போனான். மேட்டுக்காட்டில் ஒரு உழவு மழை பெய்தது, கடலை போட்டிருக்கிறேன், முளைப்பு பரவாயில்லை. செவலை மாடு கிடாரி ஈன்றிருக்கிறது. அம்மா கை பழகிய மாடு என்பதால் நான் பால் கறக்க உட்கார்ந்தால் உதைக்கிறது, இன்றைக்குக் காலையில் செம்பையே தட்டிவிட்டது. திட்டிப் பார்த்தேன், பிறகு அது செய்வதும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் முப்பதாம் நாள் பூசை நீ அனுப்பிய பணத்தில்தான் நடந்தது. கல்லறைக்குச் சிலுவைக்கல் சொல்லியிருக்கிறேன், கல் கொத்துகிறவன் வாரம் ஒரு சாக்குச் சொல்கிறான்.

போன புதன்கிழமை உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு மாரடைப்பு என்று நான் எழுதியதை நம்பி, பல்லில் இருந்த பாதரசம்தான் அவள் இருதயத்தைத் தின்றுவிட்டது, தான் ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நீ அழுது எழுதியிருக்கிறாய். அதோடு நிற்காமல் ஜூலை ஆறாம் தேதி உன் வாயில் உள்ள ஆறு பல் அடைப்பையும் யாரோ ஒருவரிடம் எடுக்கப் போவதாகவும், அதன்பின் பாதரசத்தை வெளியே இழுக்கிற ஊசியை வாரா வாரம் போட்டுக்கொண்டு, பட்டினி கிடந்து உடம்பைக் கழுவப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். சோதனைக்கென்று இப்போதே ஒரு ஊசியைப் போட்டுப் பார்த்ததில் மூத்திரத்தில் பாதரசம் இறங்கியதைக் காகிதத்திலேயே காட்டினார்களாம். தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ் வரைக்கும் போனேன். ஆறு வார்த்தையில் சொல்லக்கூடிய சங்கதியா இது? திரும்பி வந்து கடிதமாகவே எழுதுகிறேன். அம்மாவைக் கொன்றது பாதரசம் இல்லை கண்ணு. நான் உன்னிடம் மறைத்துவிட்டேன்.

நம் ஊர்த் தண்ணீருக்குப் பல் காவி ஏறிக் குழி விழுவது உனக்குத் தெரியும். நீ நர்சு படிக்கும்போது அம்மாவைக் கூட்டிப் போய் நாலு பல்லுக்கு வெள்ளி மாதிரி ஒன்றை வைத்து அடைக்கச் செய்தாய், பத்து வருஷம் அது தன் பாட்டுக்குக் கிடந்தது. போன கிறிஸ்துமஸுக்கு நீ ஜெர்மன் பத்திரிகைத் துண்டு ஒன்றை வைத்து, அந்த அடைப்பில் பாதி பாதரசம், எடுத்துவிடுவது நல்லது, எடுத்த பிறகு உடம்பைச் சுத்தம் செய்ய இங்கே மருந்து தருகிறார்கள், அங்கே கிடைக்குமா தெரியவில்லை என்று எழுதினாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை, நீ தாய் நல்லா இருக்கட்டும் என்று எழுதினாய். அம்மாவுக்கு அப்போது தலைவலி, சலிப்பு, கை மரத்துப் போவது எல்லாம் இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் காட்டு வேலை செய்கிறவளுக்கு இருப்பதுதான். உன் கடிதம் வந்ததும் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது போல ஆகிவிட்டது.

சேலத்தில் பல் டாக்டரிடம் போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாலும் கெட்டியா இருக்குதுங்க, எதுக்கு நோண்டறீங்க, நோண்டுனாத்தான் பாதரசப் புகை வெளிய வரும் என்றார். நான் விடவில்லை. எம் பொண்ணு ஜெர்மனில நர்சுங்க, அவளுக்குத் தெரியாததா என்று சொன்னேன். அந்தப் பெருமை இருக்கிறதே, அது என்னை எத்தனை இடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடக்க வைத்திருக்கிறது, இந்த ஒரு இடத்தில் குப்புறத் தள்ளிவிட்டது. எடுத்து, சிமெண்டு போல ஏதோ வைத்து அடைத்து, இத்தோட சரிங்க, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண வேண்டாம் என்றுதான் அவர் அனுப்பினார். அதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

நான்தான் தொப்பூரில் தீர்த்தகிரி என்று ஒருத்தனைத் தேடிப் பிடித்தேன். லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடைக்கு மாடியில் அறை, பாதரச விஷம் எந்த வழியில் ஏறினாலும் இறக்குவேன் என்று போர்டு. கறுப்புப் பொடி கொடுத்தான். விடிகாலையில் வெறும் வயிற்றில் குடித்தால் பேதியாகும், உப்பு ஆகாது, கெட்டி ஆகாரம் ஆகாது, தெளிந்த கேழ்வரகுக் கஞ்சித் தண்ணீர்தான், ஏழு நாள். வெளிக்குக் கறுப்பாப் போச்சுன்னா பாதரசம் எறங்குதுன்னு அர்த்தம் என்றான். மறுநாளே கறுப்பாகப் போனது. நானும் உன் அம்மாவும் ஏதோ புதையல் எடுத்த மாதிரி சந்தோஷப்பட்டோம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போனது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

நாற்பது நாள் தபசு தொடங்குகிற விபூதிப் புதனில் அம்மா அதை ஆரம்பித்தாள். தபசு காலத்தில் எப்படியும் ஒரு சந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதானே, மருந்தும் ஆச்சு தவமும் ஆச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஏழாம் நாள் முடிந்தும் கறுப்பு நிற்கவில்லை. இன்னும் எறங்குது பாருங்க, நாப்பது நாளும் நடத்திடறேன், மாதாவுக்கு நேந்து ஒரு பொருத்தனை வெச்சிருக்கறேன் என்றாள். என்ன பொருத்தனை என்று கேட்டதற்கு, வெளிய சொன்னாப் பலிக்காதுங்க என்று வாயை மூடிக்கொண்டாள். நான் பஸ் ஏறிப் போய் வாரத்துக்கு ஒன்றாக இன்னும் ஐந்து பொட்டலம் கேட்டேன். எதற்கு இத்தனை என்று அவன் கேட்கவில்லை, எண்ணிக் கொடுத்தான்.

அந்த நாட்களில் உனக்கு மூன்று கடிதம் போட்டேன். அம்மா நலம், உடம்பு இறங்கி இளசாகிவிட்டாள் என்று ஒன்றில் கேலிகூட எழுதினேன். எழுதும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புள்ளைக்கு எழுதாதீங்க, கடல் தாண்டி இருக்கிறவளுக்கு மனசு கெட்டுப்போகும் என்பாள், நானும் நலம் என்றே போட்டு ஒட்டி அனுப்பினேன். நீ நர்சு. ஒரே ஒரு வரி, வாந்தி எடுக்கிறாள், காலில் தசை இழுக்கிறது என்று எழுதியிருந்தால் அங்கிருந்தே தந்தி அடித்துத் தடுத்திருப்பாய்.

பக்கத்து வூட்டு ராமக்காள் மட்டும்தான் சொன்னாள். அண்ணா, அக்கா மொகமே வெளுத்துப் போச்சுங்க, ஒரு கல்லு உப்புப் போட்டு கஞ்சி குடுங்க, உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாரு என்று செம்போடு வந்து நின்றாள். எங்கள் தவத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவளைக் கடுகடுத்து அனுப்பினேன். முப்பத்தேழாம் நாள், வியாழக்கிழமை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். கடலை மூட்டை ஏற்றப்போன வேனை நிறுத்தி ஏற்றிக்கொண்டு தருமபுரிக்கு ஓடினோம், அங்கே இரண்டு மணி நேரம் போராடினார்கள், உயிர் நிற்கவில்லை. வந்த ஒரு இளவயசு டாக்டர் நான் மடியில் கொண்டுபோன பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஒடம்புல இருக்க வேண்டிய உப்பெல்லாம் பேதியில போயிருச்சுங்க ஐயா, அது கொறஞ்சா இருதயம் தாளம் தப்பி நின்னுரும் என்றார். பத்து வருசமா வாய்ல இருந்தது என்ன பண்ணுச்சு இவங்கள என்றும் கேட்டார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் நான்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் தீர்த்தகிரியை அடித்தே கொல்வது என்று தொப்பூர் போனேன். அறையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் ஏழு நாளுதானுங்க சொன்னேன், இழுத்துட்டுப் போனது நீங்க என்று முகத்துக்கு நேரே சொன்னான். என் கை எழவில்லை. போலீசுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை.

அதன்பிறகு ஒன்று செய்தேன், தம்பிக்கும் தெரியாது, கோபிக்காதே. கடைசிப் பொட்டலத்தில் பொடி மீதம் இருந்தது. அதில் ஒரு வேளைப் பொடியை நானே ஒரு காலையில் குடித்தேன். மறுநாள் எனக்கும் கறுப்பாகத்தான் போனது இசபெல்லா. என் வாயில் ஒரு அடைப்பும் கிடையாது, ஆயுசில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்ததில்லை. அந்தக் கறுப்பு பொடியுடைய கறுப்பு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உன் அம்மா முப்பத்தேழு நாள் பட்டினி கிடந்தாள். கொல்லையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அதனால்தான் கேட்கிறேன். ஊசி போட்ட பிறகு பாதரசம் இறங்கியது என்று உனக்குக் காட்டினார்களே, வாயில் அடைப்பே இல்லாத ஒருத்தருக்கும் அதே ஊசியைப் போட்டுப் பார்த்தார்களா? அவருக்கும் இறங்கினால் என்ன சொல்வார்கள்? நான் எட்டாவது படித்தவன், அந்த ஊர் வைத்தியம் தெரியாது. நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் அம்மாவுக்கு நடந்ததையும் சொல்லிக் கேள். அடைப்பு கெட்டியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஜூலை ஆறாம் தேதி போகாதே. நாள் வாங்கியாயிற்று, பணம் கட்டியாயிற்று என்று வெட்கப்படாதே. வெட்கப்பட்டுத்தான் உன் அப்பன் நான் ராமக்காளிடம் இன்னும் நேரே நின்று பேச முடியாமல் இருக்கிறேன், ஆனாலும் தினம் அவள் வைத்துவிட்டுப் போகிற கஞ்சியில் உப்புப் போட்டுத்தான் குடிக்கிறேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு, தனியாக உட்கார்ந்து அழாதே. இதற்குப் பதில் எழுதும்போது நலம் என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதே, என்ன சாப்பிட்டாய், எங்கே வலிக்கிறது என்று எழுது. உன் அம்மா போடுகிற சிலுவையையும் சேர்த்து உன் நெற்றியில் நானே இரண்டு தரம் போடுகிறேன். மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அப்பா
சூ. அருள்சாமி

பி.கு: வேனில் போகும்போது என் மடியில் படுத்துக்கொண்டு அம்மா பொருத்தனையைச் சொல்லிவிட்டாள். இசபெல்லா ஒரு தடவை வூட்டுக்கு வந்து போகணும், அவ்வளவுதானுங்க என்றாள். நாற்பதில் மூன்று நாள் குறைகிறது. உன் குணம் எனக்குத் தெரியும், அந்த மூன்று நாளை நீ நோற்று முடிக்கப் பார்ப்பாய். வேண்டாம். வந்துவிடு, போதும்.