பின்னறை வாசம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் சுகமே, ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது, முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பதறு. அடுத்த மாதம் பிள்ளையோடு வந்து உன் பின்னறையில்தான் தங்குவேன் என்றாயே, அந்தப் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடு. அந்த அறையில் மெல்லிய தித்திப்பாய் ஒரு வாசம் இருக்குமே, அது உன் வாசம் என்று அம்மாவுக்கு நினைப்பு. நீ போனதிலிருந்து அது போய்விடக் கூடாதென்று ஜன்னலைத் திறக்கவே விடமாட்டாள், இடுக்கில் பழைய துணியைத் திணித்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான். மத்தியானமெல்லாம் அங்கேயே படுத்துக் கிடப்பாள், எழுந்தால் தலைவலி, தலைசுற்றல். எல்லாம் உன் நினைப்பில் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

போன வாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து மண்ணைச் சோதிக்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். நம் பின்சுவரை ஒட்டி டிரை கிளீனிங் கடை இருந்ததே, அவர்கள் அழுக்கெடுக்கும் திரவத்தைப் பின்பக்கத்து மண்ணிலேயே ஊற்றியிருக்கிறார்கள். மண்ணில் ஊற்றியது மண்ணோடு போச்சு என்றுதானே நினைப்போம், போகவில்லையாம். மண்ணின் இண்டு இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, தரை வெடிப்பு வழியே ஏறி, மூடிய அறைக்குள் தேங்கி நின்றிருக்கிறது. அந்தப் பெண் வாசலில் நின்று "உங்க வீட்டுக்குள்ள ஆவி வருதுங்க" என்றாளா, எதிர்வீட்டு டெய்லர் காதில் விழுந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க நம் வீட்டில் பேய். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டிலேயே தொங்கவிட்டு ஓட்டம் பிடிக்கிறார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அம்மா சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை, தலைவலியும் பாதி குறைந்துவிட்டது. தரைக்கடியில் குழாய் பதித்து, விசிறி வைத்து, அந்த ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடப்போகிறார்கள். அறைக்காற்றை மறுபடி அளந்து சரி என்று சொன்ன பிறகுதான் என் பேரன் உள்ளே வருவான், இதில் நீ அழுதாலும் நான் இறங்கிவர மாட்டேன். மண்ணைச் சோதித்த அன்றைக்கே ஜன்னலை நானே திறந்தேன். கதவோரம் நின்று பார்த்த அம்மா, "இத்தன நாளா யாரோ கொட்டுன மருந்தையா எம்பொண்ணுன்னு நெனச்சேன்" என்று கேட்டாள். ஜன்னல் திறந்தே கிடக்கிறது, அறையில் இப்போது ஒரு வாசமும் இல்லை, அவள் அந்தப் பக்கம் போவதும் இல்லை.

குளிரில் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருங்கள். மறக்காமல், பிள்ளை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை அம்மா பெயருக்குத் தபாலில் அனுப்பு. துவைத்துவிடாதே.

உன் அப்பா