கதவைத் திறந்ததும் சொல்வது

மார்ச் 4

அன்பு வாலுவுக்கு,

நலமா? பதினொரு வருடமாக உனக்குப் புத்தாண்டு வாழ்த்து மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன். உறை கனமாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே.

உன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை எழவில்லை, பேச்சு அடியோடு போய்விட்டது. சபை மூப்பராக நின்று அரை மணி நேரம் ஜெபிப்பவர், இப்போது தண்ணீர் கேட்கவும் கட்டிலைத் தட்டுகிறார்.

நீ வரவேண்டும் என்று எழுதவில்லை. தெரியாமல் இருந்துவிடக் கூடாதே என்றுதான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை வேலை மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா இவரைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு விரிப்பையும் தேய்க்கும்போது, "இதுல படுக்கப்போறவங்களப் பாத்துக்கங்க" என்று இயேசப்பாவிடம் சொல்வேனே, அதை இப்போது வீட்டு விரிப்புக்கும் சொல்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஓர் இடத்தில்கூட அலுப்பு இல்லை. எப்படி அண்ணி?

உங்கள் கல்யாணமான புதிதில் ஒரு காலை நினைவிருக்கிறதா? வாசல் கதவைத் திறந்து, "வாங்க, உள்ள வாங்க. இப்பதான் துடைச்சேன், தரை ஈரம்" என்றீர்கள். யாரோ விருந்தாளி என்று நான் அவசரமாகத் தலைவாரிக்கொண்டு வந்தேன். வாசலில் ஆளே இல்லை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜெபத்துல 'வாரும்'னு சொல்லணும். 'வாங்க'ன்னு கூப்பிட ஆண்டவர் என்ன உன் மாமாவா?" நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "சபையில 'வாரும்'. என் வீட்டுக்குள்ள ஈரத் தரையில நடக்கிறவர 'வாங்க'ன்னுதான் சொல்ல வரும்."

பாடநூல்களில் பிழை பார்த்தே வயிறு வளர்ப்பவள் நான். அன்று முதல் இன்றுவரை அந்த 'வாங்க'வில் ஒரு பிழையும் எனக்குத் தென்படவில்லை.

ஆனால் என்னால் வர முடியாது. நான் கணவரை விட்டு வந்த அன்று, "இனிமே இந்த வீட்டுக்கு வராத" என்றார் அண்ணன். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். இப்போது மறுத்துச் சொல்லக்கூட முடியாதவர் முன்னால், அழையாமல் போய் நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நான் ஜெபிப்பதையும் அதோடு விட்டுவிட்டேன். என் பங்குக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வாலு


ஏப்ரல் 20

அன்பு வாலுவுக்கு,

உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அலுப்பு உண்டு. கடிதத்தில் விடமாட்டேன், அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி தருபவர் வந்து கோப்பை, நாற்காலி, சாவி என்று படம் படமாகக் காட்டுகிறார். உன் அண்ணன் வாயைத் திறப்பார், கண் கலங்கும், மூடிக்கொள்வார். போன வியாழன் எனக்குக் கோபமே வந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தேன். "கூப்பிட்டுக் கூப்பிட்டு என்ன கண்டேன்" என்று நினைத்து, 'வாங்க' சொல்லாமலே துடைப்பத்தை எடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அதுவே முதல் தடவை.

பின்னால் கட்டிலிலிருந்து ஒரு சத்தம்.

"வா... ங்க."

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார் மறுபடியும்.

"தினம் கேட்ட வார்த்தை முதல்ல திரும்பறது உண்டும்மா" என்கிறார் பயிற்சிக்காரர். இருக்கட்டும். நான் விட்ட இடத்தில் அவர் பிடித்துக்கொண்டார். துடைப்பத்தோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனி நீ வரலாமே?

உன் அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

அலுவலகத்தில் படித்துவிட்டு முகம் கழுவப் போனேன். உங்கள் விசுவாசத்தைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது. கோபித்துக்கொள்ளும் அளவுக்கு உங்களுக்கு ஆண்டவரோடு உறவு இருக்கிறதே!

ஆனால் பிழை பார்ப்பவளாகச் சொல்கிறேன். அந்த 'வாங்க' எனக்கானது அல்ல. அண்ணன் என்னை ஒருநாளும் 'வாங்க' என்றதில்லை.

வாலு


மே 12

அன்பு வாலுவுக்கு,

நீ சொன்னது சரிதான். 'வாங்க' உனக்கானது அல்ல. மின்கணக்கு எடுக்க வந்தவருக்கு 'வாங்க', பயிற்சிக்காரருக்கு 'வாங்க', நேற்று ஜன்னலில் குதித்த பூனைக்கும் 'வாங்க'. கைவசம் அது ஒன்றுதானே.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. கடைசி வரி முடிந்ததும் இடது கையால் தாளைப் பிடுங்கிக்கொண்டார். உன் கையெழுத்தில் விரலை வைத்தார். உதடு வெகுநேரம் பாடுபட்டது.

"வா."

நான் 'ங்க'வுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. "வாங்கன்னு சொல்றீங்களா?" என்றேன். இல்லை என்று தலையை வேகமாக ஆட்டி, அந்தப் பழைய மூப்பர் கோபத்தோடு முறைத்தார்.

"வா."

பூனைக்குக் கிடைத்த மரியாதைகூட உனக்கு இல்லையடி.

உன் அண்ணி


மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

ஞாயிறு காலை முதல் பேருந்தில் வருகிறேன். நீங்கள் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்பேன். முதலில் உங்கள் இயேசப்பாவுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுங்கள். எனக்குரியதை அண்ணன் சொல்லட்டும்.

இன்னொன்று. இன்று என் அறைக் கதவைத் திறந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சொல்லிப் பார்த்தேன். படித்த பழக்கத்தில் 'வாரும்' என்றுதான் தொடங்கினேன். தொண்டையிலேயே நின்றுவிட்டது. 'வாங்க' என்றேன். வந்தது.

அறை ஒரே குப்பை, பார்த்து வாங்க என்றும் சொன்னேன்.

உங்கள் வாலு