திலக் நகர் ஓனரம்மா

தாராவி
9 ஜூன் 2024

ஏட்டி சாரு,

லீட்ஸில் குளிர் விட்டதா? சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாரும் சுகம்.

பேப்பரில் எழுதி அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்று நினைப்பாய். என்ன செய்ய? எங்கள் ஒற்றை அறையில் நான் போனில் எது பேசினாலும் வாப்பா, உம்மா, தம்பி அல்தாப், அவன் பெண்டாட்டி நஸீரா எல்லாரும் கருத்துச் சொல்ல வந்துவிடுவார்கள். தம்பிக்கும் நஸீராவுக்கும் தமிழ் பேச வரும், ஒரு எழுத்து படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் சமஸ்கிருதம் எடுத்தபோது நாம் இரண்டு பேரும் பிடிவாதமாகத் தமிழ் எடுத்தோமே, அதன் பலன் இப்போதுதான் தெரிகிறது.

விஷயம் என்னவென்றால், போன வாரம் ஓபன் மைக்கில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள்! பகலில் பை தைக்கிற பட்டறையில் கணக்கு எழுதுகிறவள், சாயங்காலம் அந்தேரியில் ஒரு காபிக் கடையில் மைக் பிடித்துக் காமெடி பண்ணுகிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டை அக்டோபருக்குள் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வாப்பாவும் நானும் செம்பூர் பக்கம் அலைகிறோம். முதல் வீட்டு ஓனர் வாப்பாவின் இந்தியைக் கேட்டதும், "மதராஸி லோக் நஹி சாஹியே", மதராஸிகளே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார். வாப்பா முகமெல்லாம் சிரிப்பாகப் படியிறங்கினார். "பாத்தியா மக்கா, நம்மள மதராஸின்னுட்டாரு. முஸ்லிமான்னு கேக்கவே இல்ல. காலம் மாறிட்டுல்லா!"

இதை இந்தியில் அப்படியே சொன்னேன். ஒரே கைதட்டல். ரெக்கார்டிங் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு உனக்கு எங்கே சிரிப்பு வந்தது என்று எழுது.

உன்
பரீஹா

லீட்ஸ்
16 ஜூன் 2024

அன்புள்ள பரீ,

ரெக்கார்டிங்கைப் பஸ்ஸில் கேட்டேன். வாப்பா படியிறங்குகிற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள். என் தோழி மேடை ஏறிவிட்டாள் என்று அந்த பஸ் முழுக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆனால் ஒரு சந்தேகம். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் கவனித்தேன். கூட்டம் பெரிதாகச் சிரித்தது அங்கே இல்லை. நீ வாப்பாவின் இந்தியைப் பேசிக்காட்டினாயே, அங்கேயே சிரித்துவிட்டார்கள். ஓனர் அப்போது இன்னும் வாயைத் திறக்கவேயில்லை. அப்படியென்றால் அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? குறை சொல்வதாக நினைக்காதே, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எனக்கும் ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பதுதானே என் வேலை. ஒரு தாத்தா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, இந்த ஊர்க்காரர் யாராவது வந்து எடுக்கட்டும் என்றார். நானும் சிரித்த முகமாகப் போய் மிஹேலாவை அனுப்பினேன். அவள் ருமேனியாவிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது, இங்கிலீஷில் இன்னும் தட்டுத் தடுமாறுகிறாள். ஆனால் வெள்ளைக்காரி. தாத்தாவுக்குப் பரம திருப்தி. "இப்போதுதான் பேசுவது புரிகிறது" என்றாராம். நான் பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு கொஞ்சம் சிரித்தேன்.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து படியேற முடியவில்லை. செம்பூர் பக்கம் நான் வாங்கிப் போட்ட திலக் நகர் வீட்டையும் இங்கிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடியிருந்தவர்கள் போன மாதம் காலி செய்துவிட்டார்கள், சும்மா பூட்டிக் கிடக்கிறது. அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா?

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் நமஸ்காரம்.

உன்
சாரு

தாராவி
30 ஜூன் 2024

ஏட்டி சாரு,

மழை நன்றாகவே ஆரம்பித்துவிட்டது. பட்டறை வாசலில் முழங்கால் தண்ணீர்.

நீ கேட்ட கேள்வி என் மண்டையைக் குடைந்துவிட்டது. ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ சொன்னது சரிதான். வாப்பா வாயைத் திறந்ததும் சிரிப்பு. ஓனர் கதவைச் சாத்தும்போது அதில் பாதிகூட இல்லை. என் வாப்பாவை நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

அதனால் மாற்றிப் பார்த்தேன். வாப்பாவுக்கு ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரின் இந்தியைக் கொடுத்தேன். ஓனருக்கு வாய் குழறுகிறது. "வீடு தர முடியாது, ஏன்னா... மீன்... இல்லை, ஏன்னா... லுங்கி..." என்று இழுக்கிறார். வாப்பா பொறுமையாக எடுத்துக் கொடுக்கிறார்: "ஜனாப், நாங்கள் கறுப்பாக இருக்கிறோம் என்கிறீர்களா, மதராஸி என்கிறீர்களா, முஸல்மான் என்கிறீர்களா? அவசரமில்லை, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்."

முதல் நாள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் கடைசி வரிசையில் ஒரே ஒரு பெண் அடக்க மாட்டாமல் சிரித்தாள். நாகாலாந்துக்காரி. முடிந்ததும் என்னிடம் வந்து, "என் ஓனர் காரணம்கூடத் தேடவில்லை" என்றாள். அவள் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான், தாங்களும் சிரிக்கலாம் என்று மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் விடப்போவதில்லை.

ரத்தம் எடுத்த கதையை எனக்குக் கொடுத்துவிடு. அழுததை நீயே வைத்துக்கொள்.

வீடு இன்னும் அமையவில்லை. வாப்பாவுக்குக் கால் வீங்கிப்போய்விட்டது. உனக்குத் தெரிந்து எங்கேயாவது இருந்தால் சொல்.

உன்
பரீஹா

லீட்ஸ்
14 ஜூலை 2024

அன்புள்ள பரீ,

தாத்தாவையும் மிஹேலாவையும் தாராளமாக எடுத்துக்கொள். அந்த நாகாலாந்துப் பெண்ணைப் பற்றி மிஹேலாவிடம்கூடச் சொன்னேன்.

இந்தா, இன்னொன்று. காரில் தொங்கவிடுவார்களே வாசனை அட்டை, அதில் ஒன்றை மேல் வீட்டுக்காரர் என் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு நான் வைத்தது வெறும் ரசம். வெள்ளிக்கிழமை மீன் வறுத்தபோது அவர் மூச்சு விடவில்லை. ஆமாம், சாப்பிடுகிறேன், அம்மா காதுக்குப் போகக் கூடாது! அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதேன். சாப்பாட்டு வாசனைக்காக ஒரு மனுஷியை இப்படி அவமானப்படுத்த எப்படி மனசு வருகிறது பரீ? இதை நீ ஜோக்காக்க முடியுமா என்று பார்.

வாப்பாவின் காலை நினைத்தால் பாவமாக இருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நல்ல வீடாக ஒன்று சீக்கிரமே அமையும், பாரேன்.

நீ எழுதுவது வரவரக் குறைகிறது. பெரிய ஆளாகிவிட்டாயோ?

உன்
சாரு

தாராவி
11 ஆகஸ்ட் 2024

சாரு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். புதிதாக ஒன்று எழுதி நேற்று மேடையில் சொன்னேன். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"புரோக்கர் வானமாமலை அண்ணாச்சி எங்களத் திலக் நகர்ல ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஓனரம்மா தமிழ். வாப்பாவுக்குச் சந்தோசம் தாங்கல, இனி இந்தி பேசிக் கஷ்டப்பட வேண்டாமே! கீழ வாசல்லயே அண்ணாச்சி, ஓனரம்மா அப்பத்தான் அனுப்புன வாய்ஸ் மெசேஜப் போட்டாரு. 'நல்ல வெஜ் ஃபேமிலியா பாருங்கோ. நம்மவாளா இருந்தா ரொம்ப நல்லது. தாராவி சைடு மட்டும் வேண்டாம், பில்டிங் சொசைட்டில பேசுவா.' வாப்பா சொன்னாரு: 'எவ்வளவு அழகா சொல்லுதாங்க! இத்தன வருசமா இந்தியிலயே வேண்டாம்னாங்க. சொந்த பாஷையில கேக்க எவ்வளவு சுகமா இருக்கு!'

ஓனரம்மா வெளிநாட்டுல இருக்காங்க. பாவம், அங்க அவங்க ரசம் வச்சா நாத்தம்னு எவனோ கதவுல வாசனை அட்டைய மாட்டிட்டான். அவங்க அரை மணி நேரம் அழுதாங்க. அழுது முடிச்சு, அந்த அட்டையப் பத்திரமா கழத்தி, பார்சல் கட்டி, எங்க வாப்பாவுக்கு அனுப்பி வச்சாங்க."

நன்றாகச் சிரித்தார்கள். உனக்கு எந்த இடத்தில் வந்தது?

பரீஹா

லீட்ஸ்
12 ஆகஸ்ட் 2024

பரீஹா,

எந்த இடத்திலும் வரவில்லை.

அந்த ஓனரம்மா நான்தான். அது உனக்கும் தெரியும், குரலைக் கேட்டிருக்கிறாய். ஒரு போன், ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சாவியைக் கொடுத்திருக்க மாட்டேனா?

அப்படிச் சொன்னது உண்மை. எல்லாரும் சொல்வதுதான். அப்பா அப்படிச் சொல்லச் சொன்னார், சொசைட்டியில் தொந்தரவு வரும் என்றார், நானும் சொன்னேன். சத்தியமாக உங்களை நினைத்துச் சொல்லவில்லை. நீ என்னடாவென்றால், நான் அழுததை முன்பின் தெரியாத ஜனங்களுக்கு எடுத்துக் கொடுத்துச் சிரிக்க வைத்திருக்கிறாய். அதை உனக்கு எழுதினேன் பரீஹா, மைக்குக்கு எழுதவில்லை.

சாவியை இன்றைக்கே உங்களிடம் கொடுக்கச் சொல்லி வானமாமலையிடம் சொல்லிவிட்டேன். அந்த ஜோக்கை எடுத்துவிடு.

சாருலதா

தாராவி
25 ஆகஸ்ட் 2024

ஏட்டி சாரு,

சாவியை அண்ணாச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். காட்கோபரில் ஒரு வீடு அமைந்துவிட்டது. சின்ன வீடுதான், ஆனால் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது என்று நீ எழுதினாயே, அதைப் படித்ததும் அடுத்த வரியில் எங்களைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். அடுத்த வரியில் மழையை விசாரித்திருந்தாய். சரி, தோன்றவில்லை போலிருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் நானே கேட்டேன். வெந்நீர் ஒத்தடம் சொன்னாய். அதற்கு மேல் எப்படி ஒரு வார்த்தை கேட்பது?

எங்களை நினைத்துச் சொல்லவில்லை என்கிறாய். நம்புகிறேன். யாரும் யாரையும் நினைத்துச் சொல்வதில்லை. கேட்டிருந்தால் பரீஹாவுக்குக் கொடுத்திருப்பாய். எனக்கு அடுத்து வருகிற தாராவிக்காரிக்கு? உன் நிபந்தனைப்படி பார்த்தால் வெள்ளிக்கிழமை மீன் வறுக்கிற உனக்கே அந்த வீட்டில் இடம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அல்தாப் போட்டுக்கொடுத்து, வாப்பா போன ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கே வந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. ரயிலில் வரும்போது மெதுவாகக் கேட்டார்.

"சாருவ ஏன் மக்கா இப்பிடிச் சொல்லுத?"

"ஒங்களுக்குத் தெரியுமா வாப்பா?"

"நம்ம வீட்டுல ஒக்காந்து பரீச்சைக்குப் படிச்ச புள்ள கொரலு எனக்குத் தெரியாதா? ஒனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் என்னத்தயோ சொல்லிச் சிரிச்சு, வெரசா கூட்டிட்டு வந்தேன்."

அழகாகச் சொல்கிறார்கள் என்று அவர் அன்றைக்குச் சொன்னது எனக்காக. அவருக்குத் தெரியக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டது அவருக்காக. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டே திலக் நகரில் பஸ் ஏறியிருக்கிறோம். ரயிலில் நான் அழுதேன் சாரு.

ஜோக்கை எடுக்க மாட்டேன். நீ அழுத இடத்தை மட்டும் எடுத்துவிட்டேன். அது உன்னுடையது, அதைத் தொட்டது என் தப்பு. ஓனரம்மா இருப்பாள், அட்டையும் இருக்கும். இதற்காக நீ எழுதுவதை நிறுத்தினால் தாங்கிக்கொள்வேன் என்று வீறாப்பாக எழுத வந்தேன். தாங்க மாட்டேன்.

பரீ

லீட்ஸ்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள பரீ,

உனக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் நான் நல்லவளாக இருந்தேன்.

வானமாமலை அண்ணாச்சியைக் கூப்பிட்டு, நிபந்தனை எதுவும் கிடையாது, முதலில் வருகிறவருக்குக் கொடுங்கள் என்றேன். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா, இல்லன்னா வீட்டுல என்னமோ கொறை இருக்குன்னு நெனப்பாவ" என்றார். இப்போது ஒரு ஒடிசாக் குடும்பம் இருக்கிறது. கருவாட்டு வாடை என்று சொசைட்டி செக்ரட்டரி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். குடியிருக்கிறவர்கள் சாப்பிடத்தான் செய்வார்கள் என்றேன். அப்பா என்னோடு பேசுவதில்லை. பேசுவார், நாளாகும்.

ஜோக் இருக்கட்டும். நேற்று அதைத் தனியாகச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பார்சல் கட்டுகிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாப்பாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். அனுப்ப மனசு வரவில்லை. என் குரலை அவர் அப்படி ஒரு தடவை கேட்டதே போதும். டிசம்பரில் வருகிறேன். ஏர்போர்ட்டிலிருந்து நேரே காட்கோபர்தான். எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நான் உங்கள் வீட்டுக்குள் வரலாமா என்று அவரிடம் கேட்டு எழுது. வேண்டாம் என்றால் காரணம் கேட்க மாட்டேன்.

உன்
சாரு